துடுப்பிலே வைத்த காது

மட்டக்களப்பு வாவியிலே, சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்தின் அண்மையில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு அணைத்து மூச்சடக்கி இருப்போருக்கு, நீரின் அடியிலிருந்து மெல்லிய இசையொன்று கேட்கும் என்பது இந்நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அந்நாளில் இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பார் 1848ஆம் ஆண்டிலே இவ்விசையைக் கேட்கும் பொருட்டு நிலவிலே தோணியேறிச் சென்றதும், தோணியின் பலகையிலே காதை ஒட்டவைத்தபோது ஓசை தெளிவுற்றதும், 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய நூலிலே பதிவாயின. பாடுவது மீனா, ஊரியா, வேறு ஏதேனும் பிராணியா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்துக்குள் நான் புகப்போவதில்லை. என் மனத்தைக் கவர்ந்தது பாடிய உயிர் அன்று, கேட்ட துடுப்பு.

நீருக்குள் பிறக்கும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்குள் வருவதில்லை. பரப்பிலே பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது. மரமோ அந்த அதிர்வை வாங்கிக் காதுவரை கொண்டுவந்து சேர்க்கிறது. பௌதிக சாஸ்திரம் படித்தறியாத தோணிக்காரன், அறியவேண்டிய பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே கருவியின் முனை இருத்தல் வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தான். இன்று கட்டடங்களின் சுவர்களிலே, தீப்பெட்டியிலும் சற்றே பெரிய வெண்ணிறப் பெட்டிகளைப் பொருத்தி, அறையின் உஷ்ணத்தையும் ஈரப்பதனையும் காற்றின் தூய்மையையும் கம்பியில்லாமலே ஓரிடத்துக்கு அறிவிக்கச் செய்து, அந்த அறிவிப்பின்படி விசிறியும் குளிரூட்டியும் தாமாகவே இயங்கவும் ஓயவும் ஏற்பாடு செய்கிறார்கள். உணரி என்று நாம் வழங்கும் இச்சிறு கருவிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்ட சரித்திரம் உண்டு. ஆனால் வாவிக்கரையிலே வாழ்கின்றவன் எழுதப் புகுந்தால், அந்தச் சரித்திரம் துடுப்பிலிருந்துதான் தொடங்கவேண்டும்; ஏனெனில், கருவியைச் செய்வதிலும் பெரிய வித்தை அதனை எங்கே வைப்பது என்பதே என்று இந்த நிலம் நெடுங்காலமாகக் கற்பித்து வந்திருக்கிறது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே நகருக்கு அண்மையில் முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர். வாவியின் மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலத்துக்குப் படுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் கரை, படும் கரை என்று, திசையையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். ஆகவே காற்றையும் அவர்கள் வந்த திசையாலும் வந்த காலத்தாலும் இனம் பிரித்து, வாடை என்றும் கொண்டல் என்றும் சோழகம் என்றும் கச்சான் என்றும் தனித்தனிப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பெயர் சொன்ன மாத்திரத்திலே, வலை எங்கே வீசலாம், கூரை எந்தப் பக்கம் பிரியும், நெல்லை என்றைக்குத் தூற்றலாம் என்பன கேட்போருக்கு விளங்கின.

இவற்றுள் கச்சானைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சாய்விலே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டிக் கீழிறங்கும்போது, இறங்க இறங்க அமுக்கமுற்றுச் சூடேறி, ஈரமற்ற அனற்காற்றாய்க் கிழக்குக் கரையை வந்தடைகிறது. ஆனி, ஆடி மாதங்களிலே அது வலுத்து வீசும் நாட்களில், பிற்பகலில் கடலிலிருந்து வரவேண்டிய குளிர்ந்த காற்றையும் எதிர்த்துத் தள்ளிவிடும். தெருவிலே மணல் கொதிக்கும், கிடுகு முறுகும், மனிதர் முற்றத்தை விட்டு உள்ளே போவர். உலகத்து வானிலையியல் அகராதிகளிலே கச்சான் என்ற இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே இடம்பெற்று, மட்டக்களப்பிலே நன்கு வீசுவது என்ற விளக்கத்தோடு நிற்கிறது. கடலைக்குக் கச்சான் என்று பெயர் வழங்கும் நம் நாட்டிலே, இந்தக் காற்றின் பெயர் உலகச் சொற்றொகையிலே ஏறியிருக்கிறது என்ற செய்தியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

இந்தக் காற்றுகளை அறிந்தவர்களே அந்நாளில் வீடு கட்டினார்கள். களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் உடைய வீட்டிலே, கூரை சுவரைக் கடந்து வெகுதூரம் இறங்கித் தாழ்வாரமாய் நிற்கும். குனிந்துதான் உள்ளே புகவேண்டும். வறுமையினால் தாழ்ந்த கூரை என்று அதனைப் பார்ப்போர் தவறாகப் பார்க்கிறார்கள். சுவரிலே எந்த மாதத்திலும் வெயில் படாமல் காப்பது அந்தத் தாழ்வாரம். முன்திண்ணை கடற்காற்றை நோக்கியிருந்தால், கச்சான் வீசும் மாதங்களில் மேற்குப் பக்கம் தட்டியால் அடைபடும். அடுக்களையிலே அடுப்புக்கு நேர்மேலே பரண் அமைத்து, விதைக்கு எடுத்த சோளக் கதிரையும் சில வீடுகளிலே ஏட்டுச் சுவடியையும் அங்கே வைத்தார்கள். நாள்தோறும் எழும் புகையும் சூடும் மாரிக்காலத்து ஈரத்தை விரட்டிப் பூச்சியையும் அண்டாமல் காத்தன. ஈரப்பதனை ஓரளவுக்குள் நிறுத்திவைக்கும் இந்த ஏற்பாட்டுக்குச் சாவியும் இல்லை, பொத்தானும் இல்லை. சோறு சமைக்கும்தோறும் அது தானாகவே நடந்தது. 1962இல் அச்சேறிய மட்டக்களப்பு மான்மியம் போன்ற நூல்களுக்கு மூலமான ஏடுகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு இத்தகைய வீட்டு வழக்கங்களும் காரணமாயிருத்தல் கூடும் என்று நான் நினைப்பதுண்டு.

நகர் அமைந்த புளியந்தீவிலே 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை வேறொரு முறையைச் சார்ந்தது. அதன் தடித்த கற்சுவர் பகலின் உஷ்ணத்தை மெல்ல மெல்ல விழுங்கி, இரவிலே மெல்ல மெல்ல விடும். நண்பகலில் உள்ளே புகுபவனுக்கு மாலைவரை ஒரு குளிர்ச்சி காத்திருக்கும். பின்னாளில் அரசாங்கக் கச்சேரி அக்கோட்டைக்குள்ளேதான் நெடுங்காலம் நடந்தது. ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் கூரையிலிருந்து தொங்கிய பங்கா என்ற பெருவிசிறியை, வெளித் திண்ணையில் இருந்த ஏழை ஒருவன் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே புழுங்குகிறதா என்பதை அவன் தன் உடலினாலோ, துரையின் அதட்டலினாலோதான் அறிந்தான். பிறர் சுகத்துக்காக உணர்ந்தும் இயங்கியும் உழைத்த அந்த மனிதனைக் குறித்துச் சரித்திரம் ஒரு பெயரையும் எழுதி வைக்கவில்லை.

அளவு கருவிகள் இந்நாட்டுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. 1907இல் கொழும்பிலே வான்காட்சி நிலையம் நிறுவப்பட்டபின் அவ்வேலை ஒழுங்குபெற்றது; கிழக்குக் கரையின் காற்றையும் மழையையும் பதிந்து அனுப்பும் நிலையங்களுள் மட்டக்களப்பும் ஒன்றாய் விளங்கியது. அந்நிலையத்தின் முற்றத்திலே, நாற்காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி ஒன்றைக் காணலாம். அதன் நான்கு பக்கங்களும் சாய்வான பலகைச் சட்டங்களால் ஆனவை. காற்று புகும், வெயில் புகாது, மழையும் புகாது. கலங்கரை விளக்கங்கள் கட்டுவதிலே புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கொட்லாந்து நாட்டுப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் 1860களிலே அமைத்த கூண்டு அது. அவருடைய மகனே கதாசிரியர் ரொபர்ட் லூயி ஸ்டீவன்சன். உள்ளே இரண்டு வெப்பமானிகள் அருகருகே நிற்கும். ஒன்றின் குமிழ் வெறுமையாயிருக்க, மற்றதன் குமிழைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணியைக் கட்டி, துணியின் வாலை ஒரு சிறு குப்பி நீரிலே தோய விட்டிருப்பார்கள். நீர் துணியிலே ஏறி ஆவியாகும்போது அக்குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் அதிகம் குளிரும், ஈரமாயிருந்தால் குளிர்வது குறையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் கணிப்பார்கள். வாடை வீசும் மார்கழி விடியலில் இரண்டு குமிழும் ஏறக்குறைய ஒன்றாய் நிற்பதையும், கச்சான் வீசும் ஆடிப் பிற்பகலில் ஈரக்குமிழ் வெகுவாய்க் கீழிறங்கி நிற்பதையும் ஒருமுறை கண்ணால் கண்டவனுக்கு, ஈரப்பதன் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதவு உண்டு. வெப்பமானியைப் பார்ப்பதற்காகக் கதவைத் திறக்கும் அந்தக் கணத்திலே வெயில் உள்ளே விழுந்துவிடக்கூடாது என்பதற்காக, ஐரோப்பாவிலே கதவை வடக்கு நோக்கி வைத்தார்கள். அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பவன். மட்டக்களப்போ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழே முக்கால் பாகைக்கு அண்மையான தூரத்தில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை, ஏறத்தாழ ஐந்து மாதம், நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். ஆகவே வெப்ப வலயத்து நாடுகளிலே கூண்டுக்கு இரண்டு கதவு வேண்டும், காலத்துக்கேற்ப ஒன்றை மாற்றி ஒன்றைத் திறக்கவேண்டும் என்ற விதி பிறந்தது. வந்த கருவி நல்ல கருவிதான். ஆயினும் இந்த மண்ணிலே அதற்கு இன்னொரு கதவு வைக்கவேண்டியிருந்தது.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், அவதானி ஒருவர் விளக்கோடு அக்கூண்டை அணுகிப் பார்த்து, ஏட்டிலே குறித்து, தந்தி மூலம் கொழும்புக்கு அறிவித்தார். காலை எட்டரை மணிக்கு மழைமானியின் நீரை அளந்து ஊற்றுவார்கள். முந்திய நாளின் மழை அத்தோடு முடிந்தது என்று கணக்கு. எண்களின் பின்னாலே எப்போதும் நித்திரை விழித்த மனிதன் ஒருவன் இருந்தான் என்பதை, இன்றைய வரைபடங்களைப் பார்க்கும்போதும் நாம் மறத்தல் ஆகாது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு நடந்ததை எழுதாமல் இவ்வரலாறு மேலே செல்லாது. வங்காள விரிகுடாவிலே உருவான சூறாவளி மட்டக்களப்புக் கரையிலே ஏறி, விடிவதற்குள் ஊரின் முகத்தையே மாற்றிவிட்டது. நாட்டிலே 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு அண்மையானோர் இடருற்றனர். இரண்டரை லட்சம் வீடுகள் வரையில் சேதமுற்றன. மட்டக்களப்பிலே ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அன்றிரவைக் கடந்தவர்கள் எவரிடம் கேட்டாலும், காற்று திடீரென அடங்கிய இடைவேளையைப் பற்றியே முதலில் சொல்வார்கள். காற்று ஓய்ந்தது என்று வெளியே வந்தவர்கள், சூறாவளியின் கண் கடந்துபோனபின் எதிர்த்திசையிலிருந்து அறைந்த இரண்டாம் காற்றிலே அகப்பட்டார்கள். அமுக்கமானியின் ஊசி அந்த அமைதியின் பொருளைச் சொல்லவல்லது. ஆனால் அமுக்கமானி நிலையத்திலே இருந்தது, மக்கள் வீடுகளிலே இருந்தார்கள். அறிவு ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலுமாய்ப் பிரிந்துகிடந்த அந்தத் தூரத்தை நான் எண்ணாத நாளில்லை.

தென்னை போனதோடு வீடுகளின் நிழலும் போயிற்று. கிடுகைக் காற்று கொண்டுபோனதைக் கண்டவர்கள், கைக்குக் காசு வந்தபோது தகரத்துக்கும் ஓட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் மாறினார்கள். அச்சம் அறிந்தவர்கள் செய்த தெரிவு அது, குறைசொல்வதற்கில்லை. ஆயினும் தகரத்தின் கீழே பகல் எரிந்தது; கொங்கிறீற்றுத் தட்டு பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு வரை அறைக்குள்ளே விட்டது. தாழ்வாரம் சுருங்கிற்று. கூரையிலே மின்விசிறியும், பின்பு வங்கிகளிலும் காரியாலயங்களிலும் குளிரூட்டியும் வந்தன. கட்டடம் காற்றை அறிந்திருந்த காலம் போய், காற்றை அறிந்து கட்டடத்துக்குச் சொல்லும் கருவி வேண்டியதாயிற்று.

அக்கருவிக்குக் கம்பியில்லாத நாவைக் கொடுத்த சரித்திரத்திலே நம் உபகண்டத்துக்கும் பங்குண்டு. ஜகதீச சந்திர வசு 1895இல் கல்கத்தாவிலே, சுவர்களைத் துளைத்துச் சென்ற மின்காந்த அலையைக் கொண்டு தூரத்து அறையிலே மணியடிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். இலங்கையிலே 1925 டிசெம்பர் 16ஆந் திகதி வானொலி முறையாகத் தொடங்கியது. தந்தித் திணைக்களத்து எட்வர்ட் ஹார்ப்பர், முதல் மகாயுத்தத்திலே பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கியின் கருவிகளைக் கொண்டு அதனை அமைத்தார் என்பர். உஷ்ணமும் அமுக்கமும் அளக்கும் கருவியை வானொலியோடு இணைத்து, பலூனிலே கட்டி வானத்துக்கு அனுப்பி, அது உயர உயரச் சொல்லும் செய்தியைத் தரையிலே கேட்டவர்கள், 1929இல் பிரான்சிலே ரொபர்ட் பியூரோவும் 1930இல் ரஷ்யாவிலே பாவெல் மொல்ச்சானோவும். கம்பியில்லாமல் சுற்றுச்சூழலை அறிவித்த தொடக்ககால உணரிகள் அவை. வாவியின் இசையும் இந்த வழியிலே வந்து சேர்ந்தது: 1960களிலே லாங் என்ற கத்தோலிக்கக் குருவானவரின் துணையோடு பதிவாகி, இலங்கை வானொலியிலே ஒலித்தது. துடுப்பு இருந்த இடத்துக்கு ஒலிவாங்கி வந்தது.

காரைதீவிலே பிறந்து, கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமாவும் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பின் துறவு பூண்ட விபுலானந்த அடிகள் (1892–1947), வாவியின் நீரரமகளிர் இசையைத் தம் யாழ் நூலிலே நினைவுகூர்ந்தார். 1930களிலே சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணியிலும் தலைமையேற்று உழைத்தார். கல்லடி உப்போடையிலே அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலே அவர் அடங்கியிருக்கிறார். இயற்கையின் நாதத்தையும் அதனை ஆராயும் சாஸ்திரத்தையும் ஒரே தமிழிலே சொல்லமுடியும் என்று வாழ்ந்து காட்டிய பெரியார் இவ்வாவிக்கரையிலே பணியாற்றினார் என்பது, இக்கட்டுரையை எழுதும் எனக்குத் துணிவு தருகின்ற ஒன்று.

கட்டடம் தானாக இயங்கும் வித்தை ஒரு பள்ளிக்கூடத்திலே பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே ஆசிரியராயிருந்த வாரன் ஜோன்சன், குளிர்காலத்திலே காவலாளி வகுப்பறை தோறும் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய் உலையின் அடைப்பைத் திறப்பதும் மூடுவதுமாக அலைவதைக் கண்டு, அறையின் உஷ்ணம் மாறியதும் கீழே மணி அடிக்கும்படி ஒரு மின் அமைப்பைச் செய்து, 1883இல் அதற்கு உரிமம் பெற்றார். அதன்பின் நூறாண்டுக் காலம் உணரிக்கும் யந்திரத்துக்கும் இடையே கம்பியோ குழாயோ ஓடியது. 1990களின் பிற்பகுதியிலே பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தார், தூசிபோலச் சிறிய கம்பியில்லா உணரிகளைப் பரப்பலாம் என்ற எண்ணத்தோடு ஆராய்ச்சி தொடங்கினர். 2002இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துத் தீவொன்றிலே, மனிதர் அணுகினால் கலைந்துபோகும் கடற்பறவைகளின் வளைகளுக்குள்ளே அத்தகைய உணரிகளை வைத்து, பறவையைத் தொந்தரவு செய்யாமல் வளையின் உஷ்ணத்தை அறிந்தார்கள். 2003இலும் அதனை அடுத்தும் இத்தகைய சிறு கருவிகள் குறைந்த மின்சாரத்திலே பேசுவதற்கான பொது நியமங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுக்கு, தேனீ வளைந்து வளைந்து ஆடிச் செய்தி சொல்லும் ஆட்டத்தை நினைந்து ஸிக்பீ என்று பெயரிட்டனர். கொழும்புப் பல்கலைக்கழகத்துக் கணினிக் கல்லூரியிலே 2007 அளவில் பேருந்துகளிலே உணரிகளை ஏற்றி வீதியின் நிலையை அறிய முயன்றதும் இதே அலையைச் சேர்ந்தது.

ஒன்று மற்றொன்றுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, கடைசியில் வீட்டு மூலையில் இருக்கும் தலைப்பெட்டிக்குச் செய்தி போய்ச் சேர்வதே இவ்வுணரிகளின் முறை. படுவான்கரை வயல்களிலே யானைக் காவலுக்குப் பரணேறி இருப்போர், முதற் பரணில் எழுந்த குரலைக் கேட்டு அடுத்த பரணில் இருப்பவர் குரல் கொடுக்க, அதைக் கேட்டு அதற்கடுத்தவர் கொடுக்க, ஊர் எல்லைவரை செய்தியை இராவோடு இராவாகக் கடத்துவதைக் கேட்டவர்களுக்கு இம்முறை புதிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கட்டடம் ஒன்றின் வாசிப்பறையிலே இத்தகைய உணரிகளைப் பொருத்தும் வேலையிலே நானும் கூட இருந்தேன். உள்ளே ஐந்து, வெளியே ஒன்று. உள்ளே வைத்தவை இருப்பவரின் மூச்சு மட்டத்திலே, ஒரு மீற்றருக்குச் சற்றே மேலே, வெயில் படும் சுவரையும் யன்னலையும் குளிரூட்டியின் வாயையும் விட்டு விலகி நிற்கவேண்டும். அதிலே தவறு நேரவில்லை. வெளியே வைக்கும் உணரியை வடக்குச் சுவரிலே வைக்கும்படி கருவியோடு வந்த தாள் கூறியது. அப்படியே வைத்தோம். மாசி, பங்குனி நன்றாய்க் கழிந்தன. வைகாசி தொடங்கியதும் வெளியுணரி நண்பகலிலே மெய்யான உஷ்ணத்திலும் நாலைந்து பாகை கூட்டிச் சொல்லத் தொடங்கியது. வெளியே தீயாய்க் காய்கிறது என்று நம்பிய அமைப்பு, இனிய கடற்காற்று வீசும் பொழுதிலும் காற்றுப் போக்கியை மூடிவைத்துக் குளிரூட்டியை ஓட்டியது. வாசகர்கள் யன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, யந்திரம் ஏன் வேண்டாம் என்கிறது என்று கேட்டார்கள். தாழ்வாரமில்லாத கொங்கிறீற்றுச் சுவர். வடக்கே சாய்ந்த சூரியன் காலையிலிருந்து மாலைவரை அந்தச் சிறு பெட்டியின் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தான். நூறாண்டுக்கு முன் ஸ்டீவன்சனின் கூண்டுக்கு இரண்டாம் கதவு வைத்தவர்கள் அறிந்ததை நாங்கள் அறியாதிருந்தோம். பின்னர் பெட்டியை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கவிழ்த்த வெள்ளைத் தட்டுகள் போன்ற ஒரு மூடிக்குள்ளே வைத்து, பழைய மாமரத்தின் நிழலிலே கம்பத்திலே ஏற்றினோம். அந்தத் தட்டு மூடியை உற்றுப் பார்த்தால், ஸ்டீவன்சனின் பலகைக் கூண்டு கைக்கடக்கமாய்ச் சுருங்கி நிற்பது தெரியும்.

வேறு சிலவும் கற்றோம். இவ்வுணரிகளின் செய்தியைச் சுமக்கும் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், நீர் அதனை எளிதிலே விழுங்கும். நிறைந்த தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வைத்த உணரி ஊமையாயிற்று. பரீட்சைக் காலத்திலே அறை நிறையப் பிள்ளைகள் வந்து அமர்ந்தபோது, அவர்களின் உடல்களும் அலையைத் தளர்த்தின. தடித்த பழைய சுவர் உஷ்ணத்தைத் தடுப்பதுபோலவே அலையையும் தடுத்தது; வாசலோரம் இன்னொன்றை நிறுத்தி வளைத்துச் செய்தியைக் கொண்டுபோனோம். வாவியின் உப்புக்காற்று பற்றரியின் தொடுமுனையிலே பச்சைக் களிம்பை ஏற்றியது. ஒருநாள் உள்ளுணரி ஒன்று ஈரப்பதனை நாள்முழுதும் அசையாத ஒரே கோடாய் வரைந்துகொண்டிருந்தது. உடன்பணியாற்றிய இளைஞர் அறை நல்ல நிலையிலே இருக்கிறது என்று மகிழ்ந்தார். காற்று அப்படி அசையாமல் இருப்பதில்லை என்று ஐயுற்றுப் பெட்டியைத் திறந்தபோது, மூச்சுவிடும் துளையைக் குளவி ஒன்று களிமண்ணால் அழகாய் மெழுகி அடைத்துக் கூடு கட்டியிருந்தது.

பெரிதாக நோக்கின், வாவியே ஒரு கட்டடம்போலத்தான். மாரியிலே படுவான்கரையின் ஆறுகளும் குளங்களும் அதற்குள்ளே வடிகின்றன. கோடையிலே கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. மழை வலுத்து நீர் ஏறும்போது அம்மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி திறக்கவேண்டும். சீக்கிரம் வெட்டினால் வாவியின் நீர் வற்றி மீனும் இறாலும் போகும், உப்பு ஏறும் என்று மீனவர் அஞ்சுவர். தாமதித்தால் வயல் மூழ்கி நெல் அழுகும் என்று கமக்காரர் அஞ்சுவர். அரச அதிபரின் காரியாலயமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் நீரளவுக் கோலைப் பார்த்து முடிவெடுக்கும். காற்று தெற்கிலிருந்து தள்ளினால் வாவியின் வடபுறம் நீர் உயர்ந்து காட்டும், வாடை தள்ளினால் தென்புறம் உயரும். ஆகவே கோல் நிற்கும் இடமே, எந்த ஊர் மூழ்குகிறது என்று சொல்லும் சாட்சியாகிறது. 2011 ஜனவரியிலே ஏறத்தாழ ஓராண்டு மழை சில வாரங்களுக்குள் கொட்டியபோது, இரு கரையாரும் இந்தக் கவலையோடுதான் இரவுகளைக் கழித்தார்கள். 2009 அளவிலே ஜப்பானிய அரசாங்கத்தின் உதவியோடு நாடெங்கும் 38 தன்னியக்க வானிலை நிலையங்கள் எழுந்தன. அவதானியின் விளக்கு செல்லாத நேரங்களிலும் அவை செய்தி அனுப்புகின்றன. வாவியின் பல முனைகளிலும், படுவான்கரைச் சிற்றூர்களின் ஓரத்திலும், இத்தகைய நீரளவு உணரிகள் நிற்கவேண்டும் என்பது என் விருப்பம். அவற்றை நிறுத்தும் இடங்களை அவ்விடத்து மீனவரையும் கமக்காரரையும் ஒருங்கே அழைத்துக் கேட்டு முடிவு செய்யவேண்டும் என்பதும் என் விருப்பம்.

முகத்துவாரம் வெட்டுவதை ஒருமுறை நேரில் பார்த்தேன். மழை விட்டிருந்த மாலை. மண்வெட்டியோடு நின்றவர்கள் மணல் திட்டின் குறுக்கே ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் வாய்க்கால் வெட்டினார்கள். கடைசி மண்ணை அகற்றுமுன், அவர்களுள் முதியவர் ஒருவர் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, வாய்க்காலின் வாவிப்பக்க முனையிலே முழங்கால் நீரில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, நீர் தன் காலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நெடுநேரம் நின்று பார்த்தார். பின் தலையசைத்தார். விடிவதற்குள் நீர் தானாகவே அந்த வாய்க்காலை ஆறாக அகழ்ந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.